ஒரே டென்னிஸ் மேட்ச், மூணு பிளாட்ஃபார்ம்: 60 சென்ட் கான்ட்ராக்டோட உண்மையான விலை என்ன?



பிரெடிக்‌ஷன் மார்க்கெட் பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்டதுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "கால்ஷி, பாலிமார்க்கெட், பெட்ஃபேர், மூணுல எதுல செலவு கம்மி?" வீடியோல கணக்கை வேகமா ஓட்டிட்டேன். இங்க பேப்பர், பேனா எடுத்து நிதானமா போடலாம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தியாவில் வசிக்கிறவங்களுக்கு இந்த மூணுமே சட்டப்படி திறந்திருக்கிற கதவு இல்லை. ஏன்னு கடைசிப் பகுதியில் விவரமா இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தப் பதிவுன்னா, ரெண்டு காரணம். அமெரிக்காவிலயும் இங்கிலாந்திலயும் இருந்து நம்ம சேனலைப் பார்க்கிறவங்க நிறைய பேர். இன்னொண்ணு, "இது சூதாட்டம் இல்ல, டிரேடிங்"னு சொல்லி உங்க கிட்ட யாராவது வந்தா, அந்த டிரேடிங்கோட கணக்கு என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இந்தப் பதிவில் லிங்க், ரெஃபரல் கோடு எதுவும் கிடையாது.

60 சென்ட்டுன்னா என்ன அர்த்தம்?

ஒரு மேட்ச். சின்னர் ஜெயிப்பாரா, அல்காரஸ் ஜெயிப்பாரா? "அல்காரஸ் ஜெயிப்பார்"ங்கிற கான்ட்ராக்ட் 60 சென்ட்டுக்குக் கிடைக்குது. அவர் ஜெயிச்சா அது 1 டாலர் ஆகும், தோத்தா பூஜ்யம். அதாவது அவர் ஜெயிக்கிறதுக்கு சுமார் 60% வாய்ப்புன்னு சந்தை சொல்லுது. கால்ஷி, பாலிமார்க்கெட் ரெண்டும் இப்படித்தான் விலை காட்டும்.

பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் பழைய ஆள். 2000-ல் லண்டன்ல ஆரம்பிச்சது. அங்கே சென்ட் கிடையாது, ஆட்ஸ். 1-ஐ 0.60-ஆல் வகுத்தா 1.67 வரும். அதுதான் அந்த ஊர் மொழியில் 60 சென்ட். மூணுலயும் பொதுவான விஷயம், உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறது கம்பெனி இல்லை, இன்னொரு பயனர். கம்பெனி நடுவுல நின்னு கட்டணம் வாங்குது. சாதாரண புக்மேக்கர் கிட்ட போனா நிலைமை வேற. சமபலமான ரெண்டு வீரர்களுக்கும் 1.90, 1.90-ன்னு விலை வைப்பாங்க. ரெண்டையும் சதவீதமா மாத்திக் கூட்டினா 105 வரும். மேலே இருக்கிற அந்த 5 அவங்க சம்பளம்.

எக்ஸ்சேஞ்ச் மாதிரி இடங்கள்ல அந்தச் சம்பளம் வேற உருவத்துல வரும். அதைத்தான் இப்போ தேடப் போறோம்.

கட்டணத்தை சதவீதமா பார்க்காதீங்க, பிரேக்-ஈவனா பாருங்க

மூணு இடத்திலயும் விலை சரியா 60. 100 கான்ட்ராக்ட் வாங்குறோம். 60 டாலர் முதல்.

கால்ஷியில் பொதுவான கட்டண ஃபார்முலா: 0.07 × கான்ட்ராக்ட் எண்ணிக்கை × விலை × (1 − விலை). நம்ம கணக்குக்கு 0.07 × 100 × 0.60 × 0.40 = 1.68 டாலர். இதை வாங்கும்போதே கொடுத்துடறீங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் போனது போனதுதான். மொத்தச் செலவு 61.68. ஜெயிச்சா 100 வரும். அதனால இது நட்டமில்லாம இருக்கணும்னா அல்காரஸ் ஜெயிக்கிற வாய்ப்பு 61.68% இருக்கணும்.

பெட்ஃபேரில் வாங்கும்போது கட்டணம் இல்லை. ஜெயிச்சா மட்டும், அந்த மேட்ச்ல வந்த நிகர லாபத்துல கமிஷன். நாட்டையும் நீங்க தேர்ந்தெடுத்த திட்டத்தையும் பொறுத்து 2% முதல் 8% வரை இருக்கு. 5%-னு எடுத்துப்போம். லாபம் 40, கமிஷன் 2, கையில் 38. தோத்தா 60 போகும். பிரேக்-ஈவன் 60 ÷ 98, அதாவது 61.22%. 2% திட்டமா இருந்தா 60.48% தான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. ஜெயிச்சா கால்ஷியில் கையில் நிக்கிறது 38.32, பெட்ஃபேரில் 38. "கால்ஷியில் லாபம் ஜாஸ்தி"ன்னு ஸ்கிரீன்ஷாட் போட்டு வீடியோ பண்ணலாம். ஆனா தோத்தவங்க ஸ்கிரீன்ஷாட் போட மாட்டாங்க. அவங்க கால்ஷியில் 61.68 இழந்தாங்க, பெட்ஃபேரில் 60 இழந்தாங்க. ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தா பெட்ஃபேர் கொஞ்சம் மலிவு. லாபத்தை மட்டும் வெச்சு ஒப்பிடுற எந்தப் பட்டியலையும் நம்பாதீங்க.

பாலிமார்க்கெட் பேர் வாங்கினதே "கட்டணமே இல்லை"ன்னு சொல்லித்தான். ரொம்ப நாள் அது உண்மையும் கூட. அப்புறம் சில வகைச் சந்தைகள்ல கட்டணம் வர ஆரம்பிச்சிருச்சு, அதனால ஒவ்வொரு மேட்ச் பக்கத்திலயும் பார்க்கணும். இன்னிக்கு பூஜ்யம்னே வெச்சுக்குவோம். பணம் அங்க யூஎஸ்டிசி-ங்கிற கிரிப்டோ டாலரா, பாலிகான் பிளாக்செயின்ல போகுது. வங்கிப் பணத்தை யூஎஸ்டிசி ஆக்க 1%, திரும்ப வங்கிக்குக் கொண்டு வர 1%-ன்னு போட்டுப் பாருங்க. 60 டாலர் போட 60.60 செலவு. ஜெயிச்சா 100-ல் 99 கையில். பிரேக்-ஈவன் 61.21%. கட்டணம் இல்லாத பிளாட்ஃபார்மும் 5% கமிஷன் வாங்குற பிளாட்ஃபார்மும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது! ஒருதடவை பணத்தைப் போட்டுட்டு நூறு மேட்ச் ஆடுறவருக்கு இந்தச் செலவு கரைஞ்சிரும். விம்பிள்டன் ஃபைனலுக்கு மட்டும் ஆசைப்பட்டு உள்ளே போறவருக்குத்தான் முழுசா விழும்.

இதுவரை விலை மூணு இடத்திலயும் 60-ன்னு வெச்சோம். நிஜத்துல அப்படி இருக்காது. வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, ஸ்ப்ரெட், மேட்ச் பெருசா இருந்தா 1 சென்ட், சின்ன டோர்னமென்ட்டோட முதல் ரவுண்டுன்னா 4, 5 சென்ட் கூட இருக்கலாம். மேலே போட்ட பாலிமார்க்கெட் கணக்கில் 60-க்குப் பதில் 61-க்கு வாங்கினா பிரேக்-ஈவன் 62.23% ஆயிடும். ஒரே ஒரு சென்ட், மத்த கட்டண வித்தியாசம் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. அதனால நான் கட்டண அட்டவணையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆர்டர் புக்கைத்தான் பார்க்கச் சொல்வேன்: நீங்க வாங்க நினைக்கிற அளவு அந்த விலையில் நிஜமாவே இருக்கா?

நடுவில் வித்துட்டு வெளியே வர்றவங்களுக்கு கணக்கு வேற

நிறைய பேர் மேட்ச் முடியுற வரை காத்திருக்க மாட்டாங்க. முதல் செட் ஜெயிச்சதும் விலை 60-ல் இருந்து 70 போகும், வித்துட்டு வந்துடலாம்னு நினைப்பாங்க. 100 கான்ட்ராக்டுக்கு 10 டாலர் லாபம்.

கால்ஷியில் வாங்கும்போது 1.68, விக்கும்போது 0.07 × 100 × 0.70 × 0.30 = 1.47. மொத்தம் 3.15. கையில் 6.85. லாபத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போச்சு.

பெட்ஃபேரில் விக்கிறதுக்குப் பேர் "லே". 60-க்கு எடுத்ததை 70-க்கு எதிர்ப்பக்கம் போட்டு மூடினா, யார் ஜெயிச்சாலும் 10 நிக்கும். 5% கமிஷன் அந்த 10-க்கு மட்டும். அதாவது 50 சென்ட். கையில் 9.50.

மேட்ச் முடியுற வரை வெச்சிருக்கிறவருக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே வெளியே போறவருக்கு 6.85-க்கும் 9.50-க்கும் இருக்கிற வித்தியாசம். எஃப் அண்ட் ஓ பண்றவங்களுக்கு இது புதுசா இருக்காது, அங்கேயும் அடிக்கடி உள்ளே வெளியே போறவரைத்தான் கட்டணம் சாப்பிடுது.

ஓரத்து விலைகளையும் ஒரு தடவை பார்த்துடுவோம். 2025 பிரெஞ்ச் ஓப்பன் ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஜூன் 8. சின்னர் ரெண்டுக்கு ஒண்ணு செட் முன்னிலை, நாலாவது செட்டில் 5-3, அல்காரஸ் சர்வீஸில் 0-40. மூணு சாம்பியன்ஷிப் பாயிண்ட். அதையெல்லாம் காப்பாத்தி, 5 மணி 29 நிமிஷம் ஆடி அல்காரஸ் ஜெயிச்சார். "அந்த நேரத்துல வாங்கியிருந்தா!"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. சரி, ஒரு பேச்சுக்கு 4 சென்ட்னு வெச்சுக்குவோம். 100 கான்ட்ராக்டுக்கு முதல் 4 டாலர். கால்ஷி ஃபார்முலாப்படி கட்டணம் சுமார் 27 சென்ட். பார்க்க சின்னது, ஆனா போட்ட பணத்துல 6.7%. அது போக, பந்தயச் சந்தைகள்ல ரொம்பக் குறைஞ்ச வாய்ப்புள்ள ஆளுக்கு மக்கள் நியாயத்துக்கு மேல விலை கொடுக்கிறாங்கங்கிறது பல ஆய்வுகள்ல பார்த்த விஷயம். ஜெயிச்ச அந்த ஒரு மேட்ச் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 0-40-ல் இருந்து வழக்கம்போல தோத்த மேட்ச்சை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க.

ஆட்டம் பாதியில் நின்னா யாருக்குப் பணம்?

ஒப்பீட்டு வீடியோக்கள் எல்லாம் கட்டணத்தோட முடிஞ்சிடுது. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. டென்னிஸ்ல ஒரு வீரர் காயத்தால் விலகிட்டா மேட்ச் அங்கேயே முடிஞ்சுபோகும். கிரிக்கெட் மாதிரி பதினோரு பேர் கிடையாது. அந்த நேரத்துல உங்க கான்ட்ராக்டுக்கு என்ன ஆகும்ங்கிறதை கட்டணம் சொல்லாது, விதிப் பக்கம்தான் சொல்லும்.

2025 விம்பிள்டன் நாலாவது ரவுண்ட். உலக நம்பர் 1 சின்னருக்கு எதிரா கிரிகோர் டிமிட்ரோவ் 6-3, 7-5-னு ரெண்டு செட் முன்னிலை. மூணாவது செட் 2-2. அப்போ நெஞ்சுத் தசையில் காயம், டிமிட்ரோவ் விலகிட்டார். சின்னர் அடுத்த ரவுண்டுக்குப் போய், கடைசியில் கோப்பையையும் ஜெயிச்சார்.

டிமிட்ரோவ் மேல பணம் போட்டவர் நிலைமை? "அடுத்த சுற்றுக்கு முன்னேறுபவரே வெற்றியாளர்"னு விதி இருக்கிற இடத்துல முழுப் பணமும் போச்சு. "மேட்ச் முழுசா முடிஞ்சாதான் பந்தயம் செல்லும்"னு எழுதி வெச்சிருக்கிற புக்மேக்கர் கிட்ட போட்டிருந்தா பணம் அப்படியே திரும்பி வந்திருக்கும். அதே வீரர், அதே மேட்ச், அதே விலை. ஒருத்தர் பூஜ்யம், இன்னொருத்தர் முதல் பத்திரம்.

பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. அவங்க டென்னிஸ் விதிப்படி ஒரு செட்டாவது முடிஞ்சிருந்தா, முன்னேறுபவரே வெற்றியாளர். ஒரு செட் கூட முடியலைன்னா எல்லாப் பந்தயமும் ரத்து. டிமிட்ரோவ் மேட்ச்ல ரெண்டு செட் முடிஞ்சிருச்சு, அதனால சின்னர் பக்கம்தான் பணம்.

ஆனா அதே வருஷம் ஆகஸ்ட் 18, சின்சினாட்டி ஃபைனல். சின்னர் உடம்பு சரியில்லாம முதல் செட்டில் 0-5 இருக்கும்போது விலகிட்டார். 23 நிமிஷம்தான் ஆட்டம். கோப்பை அல்காரஸுக்கு. ஒரு செட் முடியலை, அதனால ஒரு-செட் விதிப்படி பார்த்தா, அல்காரஸ் மேல போட்டவருக்கு போட்ட பணம் மட்டும்தான் திரும்பும். அவர் கையில் கோப்பையைத் தூக்கி வெச்சிருக்கார், உங்களுக்கு லாபம் பூஜ்யம். "தொடங்கிய பிறகு விலகினால் எதிராளி ஜெயிச்சதா எடுத்துக்கப்படும்"னு எழுதின கான்ட்ராக்ட் வெச்சிருந்தவருக்கு முழு டாலர்.

இந்த விதி வித்தியாசம் விலையிலயும் இருக்கணும். ஒரு வீரர் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு இறங்குறார்னா, ஒரு பிளாட்ஃபார்ம்ல 58, இன்னொண்ணுல 62-ன்னு தெரியும்போது "அங்க வாங்கி இங்க வித்தா 4 சென்ட் இலவசம்"னு பாயாதீங்க. ரெண்டும் ஒரே பொருள் இல்லை. ஒண்ணு விலகினாலும் பணம் தர்ற சீட்டு, இன்னொண்ணு விலகினா ரத்தாகுற சீட்டு. ஆர்பிட்ரேஜ்னு நினைச்சுப் போட்டு, ஒரு பக்கம் ரத்தாகி இன்னொரு பக்கம் முழுசா தோத்தவங்களோட கதைக்கு எல்லாம் மூலம் இதுதான். வாக்ஓவர், அதாவது ஒரு பந்து கூட ஆடாம விலகுறதுக்கு, பெரும்பாலும் இன்னொரு தனி வரி எழுதியிருப்பாங்க. பணம் திரும்பும், 50-50 பிரிப்பு, கடைசி விலைன்னு பல வகை உண்டு. வாங்குற அந்த கான்ட்ராக்டோட பக்கத்துலயே விதி இருக்கும், அதைப் படிக்க ரெண்டு நிமிஷம் ஆகும்.

முடிவை யார் அறிவிக்கிறாங்கங்கிறதும் இதோட சேர்ந்த கேள்வி. கால்ஷி, அமெரிக்காவோட சிஎஃப்டிசி அங்கீகாரம் வாங்கின எக்ஸ்சேஞ்ச். முன்கூட்டியே சொன்ன அதிகாரபூர்வ மூலத்தைப் பார்த்து அவங்களே தீர்த்து வைப்பாங்க. பாலிமார்க்கெட்டோட வெளிநாட்டுத் தளத்துல யூஎம்ஏ-ன்னு ஒரு முறை இருக்கு. ஒருத்தர் முடிவை முன்மொழிவார், மறுக்க கொஞ்ச நேரம் கொடுப்பாங்க, மறுப்பு முத்திப்போனா யூஎம்ஏ டோக்கன் வெச்சிருக்கிறவங்க ஓட்டுப் போட்டுத் தீர்ப்பாங்க. டென்னிஸ் ஸ்கோர்ல சண்டை வர்றது அபூர்வம், விதியோட வாசகம் தெளிவா இல்லாதப்போதான் வரும். இந்த பாலிமார்க்கெட் 2022 ஜனவரியில் சிஎஃப்டிசி-க்கு 14 லட்சம் டாலர் அபராதம் கட்டினது, அப்புறம் 2025-ல் உரிமம் உள்ள ஒரு எக்ஸ்சேஞ்சை 11.2 கோடி டாலருக்கு வாங்கி அமெரிக்காவுக்குத் திரும்பினது. அமெரிக்கச் செயலியும் வெளிநாட்டுத் தளமும் வேற வேற. கட்டணமும் விதியும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நினைச்சுக்காதீங்க.

பெட்ஃபேரில் தீர்ப்பு பெட்ஃபேர் கையில். 2007 ஆகஸ்ட்டில் போலந்தின் சோபோட் டோர்னமென்ட்ல உலக நம்பர் 4 டேவிடென்கோவும் 87-வது இடத்துல இருந்த வசாலோ அர்குவெல்லோவும் ஆடினாங்க. டேவிடென்கோ முதல் செட்டை ஜெயிச்ச பிறகும் பணம் அவருக்கு எதிராவே கொட்டிச்சு. மூணாவது செட்டில் அவர் காயம்னு விலகினார். விதிப்படி பார்த்தா எதிராளி பக்கம் பணம் போயிருக்கணும். ஆனா பெட்ஃபேர் அந்த மேட்ச்சோட எல்லாப் பந்தயத்தையும் ரத்து பண்ணிருச்சு. அவங்க வரலாற்றுல அதுதான் முதல் தடவை. ஒரு வருஷத்துக்கு மேல விசாரிச்சு, ரெண்டு வீரர்கள் மேலயும் தப்பு இல்லைன்னு ஏடிபி 2008-ல் சொல்லிருச்சு. பணம் போட்டவங்களுக்கு ரத்து ரத்துதான். எழுதி வெச்ச விதிக்கு மேலயும் பிளாட்ஃபார்முக்கு ஒரு அதிகாரம் இருக்குங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

லைவ்ல ஆடுறவங்களுக்கு ஒரு வார்த்தை

நீங்க டிவியில் பார்க்கிற பாயிண்ட் பழசு. மைதானத்துல பந்து விழுந்து பல செகண்ட் கழிச்சுதான் உங்க ஸ்கிரீனுக்கு வருது. அதுக்குள்ள ஸ்கோர் டேட்டா நேரடியா வாங்குற கம்ப்யூட்டர்கள் விலையை மாத்தியிருக்கும். 2014 ஆஸ்திரேலிய ஓப்பன்ல கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாயிண்டையும் உடனுக்குடன் வெளியே அனுப்பினதா ஒருத்தரைக் கைது பண்ணாங்க. வழக்கு அப்புறம் கைவிடப்பட்டது. ஆனா அந்த சில செகண்டுக்காக ஆளை விமானத்துல அனுப்புற அளவுக்கு அதுல பணம் இருக்குன்னு புரியுதா? நீங்க சோபாவில் உட்கார்ந்து "பிரேக் பாயிண்ட் வந்துருச்சு, வாங்கலாம்"னு அழுத்தும்போது உங்களுக்கு விக்கிறவர் அந்த பாயிண்டோட முடிவைத் தெரிஞ்சவரா இருக்கலாம். பெட்ஃபேர் இதுக்காகவே லைவ் ஆர்டர்களுக்கு சில செகண்ட் தாமதம் வெச்சிருக்கு. அது முழுசா காப்பாத்தாது.

வெளிநாட்டில் இருக்கிற நம்ம வாசகர்களுக்கு

இங்கிலாந்தில் பந்தயத்துல ஜெயிச்ச பணத்துக்கு ஆடுறவர் வரி கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கால்ஷி மாதிரி தளங்களோட விளையாட்டுக் கான்ட்ராக்டுகளை மாநிலங்களே எதிர்க்குது. நெவாடா 2025 மார்ச்சில் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது, மாசசூசெட்ஸ் செப்டம்பர்ல வழக்குப் போட்டது. உங்க மாநிலத்துல நிலவரம் என்னன்னு பார்த்துக்கோங்க. அங்கே 2026-ல் இருந்து சூதாட்ட நட்டத்துல 90% மட்டும்தான் கழிக்க முடியும். 1 லட்சம் டாலர் ஜெயிச்சு 1 லட்சம் தோத்தவருக்கும் 10,000 வருமானம்னு நிக்கும். கான்ட்ராக்ட் லாபத்தை அந்தத் தலைப்புல காட்டணுமா வேற தலைப்புலயாங்கிறதை உங்க ஊர் சிபிஏ கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க. சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு சுருக்கமா: பாலிமார்க்கெட் அங்கே முடக்கப்பட்டது, உரிமம் இல்லாத இடத்துல ஆடினா ஆடுறவருக்கே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், ஆறு மாசம் வரை சிறை.

இந்தியாவில் இருந்தா

ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டம் எதுவா இருந்தாலும், திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்காம தடை. நடத்துறவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் பண்றவருக்கு 2 வருஷம், 50 லட்சம். பணப் பரிமாற்றம் செஞ்சு கொடுக்கிற வங்கி, பேமென்ட் நிறுவனத்துக்கும் தண்டனை உண்டு. நம்ம ஊர் ஒபினியன் டிரேடிங் ஆப் புரோபோ அந்த மாசமே பண ஆட்டத்தை நிறுத்திருச்சு. அதுக்கு முன்னாடி, ஏப்ரல் 29 அன்னிக்கே செபி சொல்லிட்டது: இது பங்குச் சந்தை இல்லை, எங்க கட்டுப்பாட்டுல வராது, முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் இங்கே கிடைக்காதுன்னு.

மத்திய சட்டம் ஆடுறவரை தண்டிக்கலையேன்னு சிலர் சந்தோஷப்படுறாங்க. தமிழ்நாட்டில் இருந்தா, 2022-ஆம் வருஷ மாநிலச் சட்டத்தைப் பாருங்க. ஆன்லைன் சூதாட்டம் ஆடுறவருக்கே 3 மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கருக்கு விலக்குக் கொடுத்தது, டென்னிஸ் பந்தயத்துக்கு இல்லை.

பணம் எப்படி வெளியே போகும்? ஃபெமா விதியில் லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக்ஸ் மாதிரியான விஷயங்களுக்குப் பணம் அனுப்புறது தடைப் பட்டியல்ல இருக்கு, எல்ஆர்எஸ் மூலமாவும் முடியாது. அதனால எல்லாரும் பி2பி-யில் யூஎஸ்டிசி வாங்குற வழிக்குப் போறாங்க. இதுல எனக்கு இருக்கிற பெரிய பயம் வரி இல்லை. உங்களுக்கு ரூபாய் அனுப்புற அந்த முகம் தெரியாத ஆளோட பணம் ஏதாவது சைபர் மோசடியோட தொடர்புள்ளதா இருந்தா, போலீஸ் கடிதம் வந்து உங்க வங்கிக் கணக்கு முடங்கும். சம்பளக் கணக்கா இருந்தா இ.எம்.ஐ. கூடப் போகாது. 40 டாலர் டென்னிஸ் லாபத்துக்காக, எந்த மாநிலம்னே தெரியாத ஒரு காவல் நிலையத்தோட மாசக்கணக்குல கடிதப் போக்குவரத்து.

இனி வரி. "டி.டி.எஸ். பிடிக்கிறாங்க, அப்போ சட்டபூர்வம்தானே?"ன்னு கேட்பாங்க. இல்லை. வருமான வரிச் சட்டம் வருமானம் சட்டபூர்வமா இல்லையான்னு பார்க்கிறதில்லை. ஆன்லைன் கேம் நிகர வெற்றிப் பணத்துக்கு 30%, 4% செஸ் சேர்த்து 31.2%. பழைய சட்டத்துல இது 115பிபிஜே பிரிவு. 2026 ஏப்ரல் 1-ல் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்ததால பிரிவு எண் மாறிடுச்சு, 30% மாறலை. "12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே"ங்கிற கணக்கு இதுக்குப் பொருந்தாது. அடிப்படை விலக்கு வரம்பும் இல்லை, ரிபேட்டும் இல்லை. வேற வருமானமே இல்லாத காலேஜ் பையன் 10,000 ரூபாய் ஜெயிச்சா 3,120 வரி.

இதைவிட மோசமானது நட்டத்தைக் கழிக்க முடியாதது. முதல் வருஷம் 1 லட்சம் லாபம், வரி 31,200. ரெண்டாவது வருஷம் 1 லட்சம் நட்டம். அதை சம்பளத்தோட கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகவும் முடியாது. ரெண்டு வருஷம் சேர்த்துப் பார்த்தா நீங்க ஜெயிக்கவும் இல்லை, தோக்கவும் இல்லை. ஆனா பாக்கெட்ல 31,200 குறைஞ்சிருக்கும். மேலே 61.22-ஆ 61.68-ஆன்னு பொறுமையா போட்ட கணக்கெல்லாம் இந்த ஒரு வரியில் அடிச்சுட்டுப் போயிடும். யூஎஸ்டிசி-யை விக்கும்போது வர்ற லாபத்துக்கு கிரிப்டோ தலைப்புல தனியா 30%, 1% டி.டி.எஸ். வேற.

ஏற்கனவே கடந்த வருஷங்கள்ல ஆடி ஜெயிச்சு, ரிட்டர்ன்ல காட்டாம விட்டவங்களுக்கு: அப்டேட்டட் ரிட்டர்ன் போட இப்போ 48 மாசம் வரை அவகாசம் இருக்கு. கூடுதலா கட்ட வேண்டியது முதல் வருஷத்துல 25%, அப்புறம் 50, 60, 70-ன்னு ஏறும். நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் இது நிம்மதியா நடக்கும். வெளிநாட்டுத் தளத்துல உங்க பேர்ல கணக்கு இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2-வில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்டணும். கணக்குல 5 டாலர்தான் இருக்குன்னாலும் காட்டணும். உட்கார்றதுக்கு முன்னாடி அந்தத் தளத்துல இருந்து முழு டிரான்ஸாக்‌ஷன் ஹிஸ்டரியை இறக்கி வெச்சுக்கோங்க. தளம் இந்தியாவுக்குக் கதவை மூடினப்புறம் லாகின் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை.